செம்மண் விளிம்பில் ஒரு துணிப்பை

அந்தத் துணிப்பையில் என் மனைவி என்னென்ன வைத்தாள் என்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு சீப்பு பூவன் பழம், ஒரு கட்டு வெற்றிலை, கொட்டைப்பாக்கு, காகிதத்தில் மடித்த கல்கண்டு. மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

"வெறுங்கையோட போய் நிக்காதீங்க. பேச்சு எடுத்ததும் அவரு கையில குடுத்துடுங்க."

"தற்செயலா பாக்கிற மாதிரி போன்னு சொன்ன. பழத்தோட எப்படித் தற்செயலா பாக்கிறது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. துண்டு போட்டிருக்கேன் இல்ல" என்றாள்.

நான் தட்டாஞ்சாவடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பாட்டில் மூடி அடிக்கிற மெஷினில் வேலை செய்கிறவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. மெஷினிடம் யாரும் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. மனிதர்களிடம் பேசுவதென்றால் எனக்கு வார்த்தை வராது. எங்கள் வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் மனைவிதான் பேசுவாள். ஆனால் இந்தக் காரியத்தில் அவள் பேச முடியாது. இது இரண்டு தகப்பன்கள் பேச வேண்டியது.

என் மகள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கேயே எக்ஸ்ரே எடுக்கிற பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். அவர்கள் வேதக்காரர்கள், டவுனில் மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. நாங்கள் தவளக்குப்பம் பக்கத்து விவசாயக் குடும்பம், இப்போது மேட்டுப்பாளையத்தில் வாடகை வீடு. அந்தப் பையன் இரண்டு முறை எங்கள் வீட்டுக்கு வந்தான். வந்தவன் வாசலில் செருப்பை நேராக வைத்துவிட்டு உள்ளே வந்ததிலேயே என் மனைவிக்கு அவனைப் பிடித்துவிட்டது. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் பையன் வீட்டார் வந்து பெண் கேட்பதுதான் எங்கள் பக்கத்து முறை. பெண்ணைப் பெற்றவன் தானாகப் படியேறினால், பெண்ணிடம் ஏதோ குறை என்பார்கள். மாதக்கணக்கில் காத்திருந்தோம். அவன் அப்பா வரவே இல்லை.

"ரெண்டு வீடும் சரின்னு சொல்லாம நான் கட்டிக்க மாட்டேன். வேற யாரையும் கட்டிக்கவும் மாட்டேன்" என்று மகள் சொல்லிவிட்டாள். சண்டை போடவில்லை, அழவில்லை. சோற்றைத் தட்டில் போட்டுப் பிசைந்து, பாதியில் எழுந்து கை கழுவிக்கொண்டு டியூட்டிக்குப் போனாள். அதைத்தான் எங்களால் பார்க்க முடியவில்லை.

அந்தப் பையன்தான் வழி சொன்னான். "எங்க அப்பா வீட்டுல யார்கிட்டயும் அதிகமா பேச மாட்டாருங்க. கோடையில ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் செம்மண் மேட்டுக்குப் பூச்சி பாக்கப் போயிடுவாரு. பூசைக்குச் சாயங்காலம் போய்க்குவாரு. அங்க வேணா நீங்க பாக்கலாம்."

பூச்சி பார்க்கவா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஊருக்கு வடக்கே, கடற்கரைச் சாலையிலிருந்து மேற்கே ஏறினால் அந்த மேடு வரும். கல்லோ பாறையோ கிடையாது. எல்லாம் செம்மண். எத்தனையோ மழை அறுத்து அறுத்து, மேட்டின் ஓரம் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கிறது. அந்த விளிம்பை ஒட்டி ஒற்றையடிப் பாதை. நின்று பார்த்தால் கீழே முந்திரித் தோப்பு, அதற்கப்பால் சாலை, தென்னை, பிறகு கடல். நான் போன முதல் ஞாயிற்றுக்கிழமை முந்திரிப் பழம் உதிர்கிற காலம். புளித்த வாசனை மேடு வரைக்கும் ஏறி வந்தது.

அவர் ஒரு எருக்கஞ்செடிக்கு முன்னால் குந்தியிருந்தார். ஒல்லியான உயரமான மனிதர். தலையில் தொப்பி, கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்ட செல்போன். கரண்ட் ஆபீசில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பையன் சொல்லியிருந்தான்.

திரும்பிப் பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

"நீங்க... அந்தப் பொண்ணோட அப்பாதானே? பையன் போன்ல உங்க படம் காட்டியிருக்கான்."

"ஆமா சார்."

"நடக்க வந்தீங்களா?"

"ஆமா சார். நடக்கத்தான்."

அவர் பார்வை என் பைக்குப் போய்த் திரும்பியது. "வாங்க. மெதுவா வாங்க. செடிக்கு மேல உங்க நிழல் விழாம வாங்க."

எருக்க இலையில் ஒரு வெட்டுக்கிளி உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் மஞ்சளும் நீலமுமாகப் பட்டை பட்டையாக, யாரோ உட்கார்ந்து பெயிண்ட் அடித்த மாதிரி. அவர் போனை அதன் முகத்துக்கு நேராக நீட்டி, மெல்லிய குரலில் பேச ஆரம்பித்தார்.

"போன்ழூர் அண்ணே. இது எருக்கஞ்செடி வெட்டுக்கிளி. கையால தொடக்கூடாதுன்னு அம்மா சொல்லுமே, அதான். நல்லாப் பாரு."

என்னிடம் பேசுகிறாரோ என்று திகைத்துப் போனேன். எடுத்து முடித்துவிட்டு விளக்கம் சொன்னார். அவருடைய அண்ணன் அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, சேர்ந்து அந்தத் தேசத்துக்கே போனவர். அங்கேயே தங்கிவிட்டார். போன்ழூர் என்றால் அந்த ஊர் வணக்கமாம். இப்போது நடமாட்டம் இல்லை, கட்டிலோடு இருக்கிறார். ஜன்னலில் எதிர்க் கட்டடத்துச் சுவர்தான் தெரியுமாம். 'கோடையில நம்ம மேட்டுல என்ன பறக்குது, என்ன ஊருது, அதைக் காட்டுடா' என்று கேட்டாராம். அதற்காகத்தான் இந்த நடை.

அன்றைக்கு விளிம்பு முழுக்க அவர் பின்னால் நடந்தேன். காரைச் செடியில் ஒரு ஓணான், கழுத்து ரத்தச் சிவப்பாக, தண்டால் எடுத்துக்கொண்டிருந்தது. "பொம்பளை ஓணானுக்குக் காட்டுறான்" என்றார். ஒரு கவுதாரி குஞ்சுகளோடு பாதையைக் கடந்தது. கீரி ஒன்றும் குறுக்கே ஓடியது. நான் பேச வேண்டியதை மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டே நடந்தேன். வெயில் ஏறியதும் அவர் தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சரி, பாக்கலாம்" என்றார். நானும் "சரிங்க சார்" என்றேன். பை என் கையிலேயே இருந்தது.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றாள்.

"இன்னா பேசினீங்க?"

"வெட்டுக்கிளி பாத்தோம்."

"இன்னாது?"

"எருக்கஞ்செடியில. மஞ்சளும் நீலமுமா இருந்துச்சு."

அவள் என் கையிலிருந்து பையை வாங்கித் துண்டை விலக்கிப் பார்த்தாள். பழம் அப்படியே இருந்தது. "போன எடத்துல ஒரு நல்ல சகுனமாவது பாத்தீங்களா?"

"கீரி ஒண்ணு குறுக்க போச்சு."

"எந்தப் பக்கத்துலேர்ந்து எந்தப் பக்கம்?"

நான் கவனிக்கவில்லை. "பொண்ணு கல்யாணம் பேசப் போனவரு கீரி எந்தப் பக்கம் போச்சுன்னுகூடப் பாக்கல" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். மகள் உள் அறையில் தலை சீவிக்கொண்டிருந்தாள். சீப்பு ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுப் பழம், புது வெற்றிலை. பேருந்தில் போகும்போதே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். 'சார், நம்ம பசங்க விஷயமா.' அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டால் மீதி தானாக வரும்.

அன்றைக்குச் சில்வண்டுகள் தோப்பையே அறுத்துக்கொண்டிருந்தன. எந்த மரத்திலிருந்து சத்தம் வருகிறதோ அதன் அடியில் போய் நின்றால் நின்றுவிடும், பக்கத்து மரத்தில் தொடங்கும். ஒரு வேப்ப மரத்துப் பட்டையில் ஒரு சில்வண்டு கழற்றிப் போட்ட சட்டையைத்தான் கண்டுபிடித்தோம். முதுகில் கிழிந்து, கால்களெல்லாம் அப்படியே மரத்தைப் பிடித்தபடி, உள்ளே ஆள் இல்லாமல். அவர் அதை வெகுநேரம் படம் பிடித்தார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "சார், நம்ம..."

"அசையாதீங்க!" என்றார்.

என் தோளில் ஒரு தட்டான் வந்து உட்கார்ந்திருந்ததாம். சிவப்புத் தட்டான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அண்ணனுக்கு அதைக் காட்டினார். தட்டான் பறந்துபோனபோது என் பேச்சும் போய்விட்டது.

திரும்பும்போது மண்சுவர் அடியில், மழை படாத புழுதியில், சின்னச் சின்னப் புனல் மாதிரிக் குழிகளைப் பார்த்தேன். இது எனக்குத் தெரிந்தது. குந்தி உட்கார்ந்து ஒரு புல்லை எடுத்துக் குழி ஓரத்தில் மெல்லச் சுரண்டினேன். மண் சரிந்தது. அடியிலிருந்து ஏதோ மண்ணை வாரி மேலே வீசியது. விரலால் அள்ளி உள்ளங்கையில் போட்டேன். குழியானை. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"அட, இதை நான் பாத்தே பல வருஷம் ஆச்சு! அண்ணே, இதைப் பாரு, குழியானை!"

அது என் கையில் பின்பக்கமாகவே ஊர்ந்தது. "முன்னால நடக்கத் தெரியாது சார் இதுக்கு" என்றேன். அந்த இரண்டு நடையிலும் நானாகச் சொன்ன முதல் வாக்கியம் அது.

"நம்மள மாதிரி" என்றார் அவர். சொல்லிவிட்டு என் பக்கம் பார்க்காமல் போனைத் துடைத்தார்.

அன்றைக்கும் பை திரும்பி வந்தது. என்ன பேசினீர்கள் என்று மனைவி கேட்கவே இல்லை. "இன்னைக்கு இன்னா பூச்சி?" என்று மட்டும் கேட்டாள். நான் குழியானை என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அப்படியே கண்ணும் கலங்கியது. "உங்களைப் போய் அனுப்பினேன் பாருங்க." மகள் பழத்தில் ஒன்றை எடுத்து உரித்து என் கையில் கொடுத்தாள். "விடுப்பா. நீ கஷ்டப்படாத" என்றாள். அவள் கோபித்துக்கொண்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

மூன்றாவது ஞாயிறுக்கு முந்தைய நாள் சாயங்காலம் கோடை மழை ஒன்று பெய்தது. விடியும்போது மேடு கழுவிவிட்டது போல் இருந்தது. மண் இன்னும் ஈரம். பை கனமாகத் தெரிந்தது. கீழே வைத்தால் கட்டெறும்பு ஏறும் என்று, விளிம்புக்குச் சற்று உள்ளே நின்ற ஒரு முந்திரி மரக் கிளையில் மாட்டினேன்.

அவர் அன்றைக்கு ஒரே பரபரப்பாக இருந்தார். "பஞ்சுருட்டான் கூடு வச்சிருக்குது. சுவத்துல பொந்து. வாங்க."

பச்சைக் குருவி, வால் நடுவில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், கரண்ட் கம்பியில் உட்கார்ந்து பூச்சி பிடிக்குமே, அதுதான். விளிம்பிலிருந்து கை எட்டுகிற ஆழத்தில், மண்சுவரில் ஒரு ஓட்டை. ஒரு குருவி வாயில் தட்டானோடு வந்து, எதிரில் இருந்த குச்சியில் அதை இரண்டு தரம் அடித்து, ஓட்டைக்குள் நுழைந்து வெளியே வந்தது. உள்ளே குஞ்சுகள் கத்துவது மெலிதாகக் கேட்டது.

"மேல இருந்து குனிஞ்சு எடுத்தா படம் நல்லா விழும்" என்றார்.

"மண்ணு ஈரமா இருக்குது சார். வேணாம்."

"அண்ணன் பஞ்சுருட்டான் பஞ்சுருட்டான்னு கேட்டுக்கிட்டே இருக்குது. நீங்க பின்னாடி நின்னு இடுப்புல பெல்ட்டைப் பிடிச்சுக்கங்க. கம்பத்துல ஏறுற காலத்துல ஆபீஸ் பெல்ட் இருந்துச்சு. இப்ப நீங்கதான்."

வேறு வழியில்லை. ஒரு காலைப் பின்னால் ஊன்றி, அவருடைய பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் விளிம்புக்கு மேல் குனிந்து போனை நீட்டினார். கீழே பார்க்கவே எனக்குத் தலை சுற்றியது. அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"அண்ணே, போன்ழூர். பாத்தியா? உள்ள குஞ்சு கத்துது, கேக்குதா? பயப்படாத, நான் விழ மாட்டேன். பின்னாடி சம்பந்தி இடுப்பைப் பிடிச்சுக்கிட்டிருக்காரு."

என் கை ஆடிவிட்டது.

கொஞ்சம் மண் சரிந்து கீழே விழுந்தது. குருவி கத்திக்கொண்டு பறந்தது. நான் அவரைப் பின்னால் இழுத்தேன். இரண்டு பேரும் பாதையில் உட்கார்ந்துவிட்டோம்.

"இன்னாங்க, ஆட்டிட்டீங்க" என்றார்.

"நீங்க சொன்னீங்களே..."

"நான் இன்னா சொன்னேன்?"

எனக்கு அந்த வார்த்தையை என் வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தது. போனைக் காட்டினேன். அவர் தான் எடுத்ததைப் போட்டுக் கேட்டார். தன் குரலைத் தானே கேட்டார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய காது சிவந்துபோயிருந்தது.

"வீட்டுல பையன் காதுல விழாம நானும் எங்க வீட்டம்மாவும் உங்களை அப்படித்தான் சொல்றது. பழக்கத்துல வந்துடுச்சு."

"எப்பலேர்ந்து சார்?"

"பொங்கல்லேர்ந்து."

பொங்கலிலிருந்து. என் மகள் பாதிச் சோற்றில் எழுந்துபோன அத்தனை நாளும் அந்த வீட்டில் நான் சம்பந்தியாக இருந்திருக்கிறேன்.

"அப்ப ஏன் சார் நீங்க வந்து கேக்கல?" அந்த வயது வரைக்கும் நான் யாரிடமும் அவ்வளவு நேராக எதையும் கேட்டதில்லை.

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எங்க கோயில் சாமியாருகிட்ட அப்பவே கேட்டேன். பொண்ணு மதம் மாறணும்னு இல்ல, ஆயர்கிட்ட அனுமதி வாங்கி அப்படியே தாலி கட்டலாம்னாரு. ஆனா நான் உங்க தெருவுல வந்து இறங்கினா, பொண்ணை வேதத்துக்கு இழுக்க வந்துட்டாங்கன்னு யாராவது சொல்லிட்டா? நாளைக்கு அந்தப் பொண்ணுதானே அதைக் கேக்கணும்? அதான், நீங்களா ஒரு வார்த்தை எடுத்தா, அதைப் பிடிச்சுக்கிட்டு வரலாம்னு இருந்தேன். அப்புறம் நீங்களே பையோட வந்தீங்க. துண்டுக்கு வெளிய வெத்தலைக் காம்பு தெரிஞ்சுது. சரி, குடுக்கப் போறீங்கன்னு இருந்தேன். நீங்க குடுக்கல. மனசு மாறிட்டீங்க போலன்னு நினைச்சேன். அடுத்த வாரமும் கொண்டுவந்தீங்க, எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்க."

"நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன் சார். பையன் வீட்டுலதானே முதல்ல கேக்கணும்?"

அவர் தொப்பியில் ஒட்டியிருந்த ஈர மண்ணைச் சுரண்டினார்.

"எங்க சாமி கும்பிடறதைப் பொண்ணு விடாதுங்க" என்றேன். "வெள்ளிக்கிழமை விளக்கேத்தும்."

"ஏத்தட்டும். எங்க வீட்டம்மா தீப்பெட்டி எடுத்துக் குடுக்கும்."

அப்புறம்தான் பை ஞாபகம் வந்தது. எழுந்து ஓடினேன். கிளையில் முசுறு கூடு கட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. இலைகளைச் சேர்த்துத் தைத்துப் பந்து மாதிரி இருந்தது. பையின் மேல் துண்டே தெரியாமல் செவ்வெறும்பு மொய்த்திருந்தது. கல்கண்டைக் கூட்டத்தோடு கூட்டமாக இழுத்துக்கொண்டிருந்தன. அவரும் வந்து சேர்ந்தார். நான் பையை எடுத்து உதறினேன், அவர் தொப்பியால் அடித்தார். இரண்டு பேர் கையிலும் ஏறிக் கடித்தன.

"ஐயோ, கழுத்துல ஏறிடுச்சு! தட்டுங்க சம்பந்தி, தட்டுங்க!"

தட்டினேன். அவர் கழுத்திலும் தட்டினேன், முதுகிலும் தட்டினேன். இத்தனைக்கும் அதற்கு முன் நாங்கள் கைகூடக் குலுக்கியதில்லை.

வெற்றிலைக் கட்டில் உள்பக்கத்து இலைகள் நன்றாக இருந்தன. நின்ற இடத்திலேயே, கிழக்கே பார்த்து நின்று, வெற்றிலையும் பாக்கும் மீந்த பழமும் சேர்த்து இரண்டு கையாலும் கொடுத்தேன். அவர் தொப்பியை இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இது கணக்குல சேராது. வர்ற ஞாயித்துக்கிழமை நாங்க தட்டோட வந்து முறையா கேக்கறோம். அப்ப கேட்டாங்கன்னு சொல்லிக்கங்க. இங்க நடந்தது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

அது எங்களுக்குள் இருக்கவில்லை. இறங்கி வரும் வழியிலேயே அவர் போன் கூவியது. பழக்க தோஷத்தில் இறங்கும்போதே அவர் அனுப்பிவிட்ட படம் அண்ணனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பெரியவரின் நடுங்கும் குரல் அங்கிருந்து வந்தது. "டேய், குருவி நல்லா இருக்குது. யாருடா அது சம்பந்தி? எனக்குச் சொல்லவே இல்லை. பொண்ணு யாரு? குருவியைக் காட்டினே, அவரு மூஞ்சியைக் காட்டலியே."

அவர் போனை என் பக்கம் திருப்பினார். நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கும்பிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

வீட்டில் மனைவி முதலில் பார்த்தது காலியான பையை. அப்புறம் என் கையில் இருந்த சிவப்புத் தடிப்புகளை. "அடிச்சாரா?" என்றாள் பதறிப்போய்.

"முசுறு" என்றேன். "குடுத்துட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை வர்றாங்க."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. நான் பூச்சியைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறேன் என்று நினைத்தாள். அவர் அந்தப் படத்தை எனக்கும் அனுப்பியிருந்தார். எனக்கு அதைத் திறக்கத் தெரியாது. மகளைக் கூப்பிட்டேன். டியூட்டி முடித்து வந்து யூனிபார்ம்கூட மாற்றாமல் இருந்தாள். அவள் போனை வாங்கி நின்றுகொண்டே பார்த்தாள். மண்சுவர், ஓட்டை, பச்சைக் குருவி, குஞ்சுகளின் கத்தல். பிறகு அந்தக் குரல், அந்த வார்த்தை. அந்த இடத்தில் படம் ஒரு தரம் குலுங்கி, வானமும் கடலுமாகச் சாய்ந்து, முடிந்தது.

மறுபடி போட்டாள். மூன்றாம் முறை போட்டபோது கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"இங்க ஏன்பா இப்படி ஆடுது?"

"நான்தான். கை ஆடிடுச்சு."

அவள் என் கையை எடுத்துத் தடிப்புகளைத் தடவிப் பார்த்தாள். உள்ளே திரும்பி, "அம்மா, சோறு இருக்குதா? பசிக்குது" என்றாள்.

என் மனைவி பெரிய தட்டாக எடுத்துக்கொண்டு வந்தாள்.